போட்டுக்கு கோட்டிங் வாங்குறதுக்கு முன்னாடி கையால தடவிப் பாருங்க

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பைபர் போட்டுக்கு, அதான் கண்ணாடி இழையில செஞ்ச படகுக்கு, பளபளப்பு போகாம இருக்க என்ன கோட்டிங் அடிக்கலாம்னு உங்க பேப்பர்ல வந்தத படிச்சேன். மெழுகு மாதிரி தேய்க்கற வேக்ஸ் இருக்கு, பாலிமர்ல செஞ்ச சீலன்ட் இருக்கு, கெட்டியா காயற செராமிக் கோட்டிங் இருக்குன்னு எல்லாம் நல்லாத்தான் சொல்லியிருந்தாங்க, ஆனா அடிக்கறதுக்கு முன்னாடி போட்டு என்ன நெலமைல இருக்குன்னு பாக்கணும்ங்கறதுக்கு ஒரு வரிகூட இல்ல. நான் தேவகோட்டைல ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன். செட்டிநாட்டுக்காரனுக்கு போட்டப் பத்தி என்ன தெரியும்னு நெனைக்காதீங்க, தொண்டி இங்கேருந்து ஒரு மணி நேரந்தான், அங்கேருந்தும் நம்புதாளைலருந்தும் ரெசினு, மேட்டு (கண்ணாடி இழை விரிப்பு), வாட்டர் பேப்பர் (தண்ணி விட்டுத் தேய்க்கற உப்புத்தாள்)னு வாங்க வர்றவங்க பேச்சத்தான் தெனமும் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

பைபர் போட்டுல வெளிய தெரியுற கலர் பெயின்ட் கெடையாது, ஜெல்கோட். மோல்டுல மொதமொதல்ல அடிக்கிற கலர் கலந்த ரெசின் அது, அதுக்குப் பின்னாடிதான் மேட்ட வச்சு ரெசின ஊத்தி உருட்டுவாங்க. அதோட கனம் சுமாரா அரை மில்லிமீட்டர், அவ்வளவுதான். வெயில்ல இருக்கற புறஊதாக் கதிர் அத மேலாக்க அரிச்சிக்கிட்டே இருக்கும், மொதல்ல பளபளப்பு போகும், அப்புறம் கலர் வெளுக்கும், அதுக்கப்புறம் பொடி விட ஆரம்பிக்கும். அணியத்துப் பக்கம், அதான் போட்டோட முன்பக்கம், ஒரு கறுப்புத் துணிய அழுத்தித் தேச்சுப் பாருங்க, வெள்ளையா ஒட்டுச்சுன்னா மேல்பரப்பு செத்துப்போச்சு. அதுமேல எவ்வளவு வெல ஒசந்த கோட்டிங் அடிச்சாலும் அது பொடிமேலதான் ஒக்காரும், பொடியோடயே கெளம்பி வந்துரும்.

நம்மூர் பழைய வீட்டுச் சுவர் இன்னைக்கும் முகம் தெரியுற மாதிரி மின்னுதுன்னா, அது மேல கடைசியா ஏதோ பாலிஷ் பூசுனதால இல்ல, சுண்ணாம்ப அரைச்சு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காத் தண்ணியெல்லாம் சேத்து பூச்சுக்குமேல பூச்சா போட்டு வழவழன்னு கல்ல வச்சுத் தேச்சதால. போட்டும் அப்படித்தான், மின்னுறது தேச்ச தேப்புல, கோட்டிங் அதக் காபந்து பண்றதுக்கு.

ஆனா தேய்க்கறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு, இதத்தான் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. ரப்பிங் காம்பவுண்ட்னு தேய்க்கற பசையத் தடவி மெஷின்ல பஃபிங் பண்ணி மெருகேத்தும்போது ஒவ்வொரு தடவயும் ஜெல்கோட்ல கொஞ்சம் போகுது. ரொம்ப செத்திருந்தா ஆயிரம் நம்பர், ஆயிரத்தைந்நூறு, ரெண்டாயிரம்னு தண்ணி விட்டு வாட்டர் பேப்பர் போட வேண்டியிருக்கும், அதுல இன்னும் போகும். அரை மில்லிமீட்டர்ல எத்தன தடவதான் தேய்ப்பீங்க? ஓரத்துலயும் மூலையிலயும் சீக்கிரம் மேட்டு இழை தெரிய ஆரம்பிச்சுரும், அப்புறம் திரும்ப ஜெல்கோட் அடிக்கணும், இல்லாட்டி பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட்டுக்குத்தான் போகணும். அதனால கோட்டிங்குக்கு குடுக்கற காசு பளபளப்புக்கு இல்ல, அடுத்த தேப்ப எவ்வளவு நாள் தள்ளிப்போடுதோ அதுக்குத்தான்.

இப்படிப் பாத்தா எது வேணும்ங்கறது தானா தெரியும். வல ஒரசி, நங்கூரக்கயிறு ஒரசி, மணல்ல இழுத்து ஏத்துற மீன்பிடித் தொழில் போட்டுக்கு கார்னாபாங்கற பனை மெழுகு கலந்த பேஸ்ட் வேக்ஸே போதும்னு நான் சொல்லுவேன். நம்ம வெயிலுக்கு சில மாசந்தான் தாங்கும், ஆனா வெலயும் கம்மி, ஒரு பனியன் துணி இருந்தா வீட்டு ஆளுங்களே போட்டுக்கலாம். பாலிமர் சீலன்ட் அதவிட கூட நாள் நிக்கும். செராமிக் நெசமாவே நாள் கணக்குல ஜாஸ்தி உழைக்கும், ஆனா அது போடறதுக்கு முன்னாடி பரப்புல எண்ணெப் பசை, பழைய வேக்ஸ், ஈரம் எதுவும் இருக்கக்கூடாது, நெழல்ல போடணும், காயற வரைக்கும் தண்ணி படக்கூடாது. கடற்கரைல திறந்தவெளியில ராத்திரி பனி எறங்குற எடத்துல இதெல்லாம் நடக்கற காரியமா? ஷெட்டுக்குள்ள நிக்கிற சுற்றுலா போட்டுன்னா சரி.

ஒரு ஏஜென்ட் வந்து "ஒரு தடவ அடிச்சா அஞ்சு வருசத்துக்குக் கவலையே இல்ல"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கான், ஒரு தம்பி அதக் கேட்டுட்டு எங்கிட்ட வந்து "அண்ணே, போட்டோட அடிப்பாகத்துக்கும் சேத்து அடிச்சிரலாமா"ங்குறாரு. தண்ணிக்குள்ளயே கெடக்கற பாகத்துக்கு இந்த வேக்ஸ், கோட்டிங் எல்லாம் வேலைக்கே ஆகாது, அங்க சிப்பி புடிக்காம இருக்க ஆன்டிபவுலிங் பெயின்ட்தான், அதுவும் கீழ வேக்ஸ் இருந்தா ஒட்டாது. இன்னொன்னு, தொழில் போட்டுக்கு அடிக்கடி பேட்ச் போட வேண்டி வரும், சிலிகான் கலந்த பாலிஷ் போட்டிருந்தா அந்த எடத்துல ரெசினு, ஜெல்கோட் புடிக்காம சுழிச்சுக்கிட்டு நிக்கும். அசிட்டோன் போட்டு நல்லாத் தொடச்சு, அப்புறம் பேப்பர் போட்டுத் தேச்சுட்டுத்தான் கை வைக்கணும். வாங்கும்போதே டப்பாவுல சிலிகான்னு போட்டிருக்கான்னு பாத்துக்குங்க.

கடசியா ஒரு விண்ணப்பம். காரைக்குடில சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, 1948ல அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நெலமும் பணமும் குடுத்து வந்தது. மின்வேதியியல்தான் அவங்க முக்கிய வேலை, இரும்பு துருப்பிடிக்கறதும் அதுல ஒண்ணு, அதுக்காக மண்டபத்துல உப்புக்காத்துலயும் வெயில்லயும் வச்சு சோதிக்கற எடமே வச்சிருக்காங்க. கடைல விக்கிற நாலு வேக்ஸ், நாலு கோட்டிங்க ஜெல்கோட் துண்டுல தடவி அங்க வச்சுப் பாத்து, எது எத்தன மாசம் தண்ணிய முத்து முத்தா நிக்க வைக்குதுன்னு உங்க பேப்பர்ல அவங்கள விட்டு எழுதச் சொன்னா, பேர் போட்டே எழுதச் சொன்னா, நானே வெட்டி கடைல ஒட்டி வைப்பேன். என் கடைல விக்கிற சரக்கு அதுல தோத்தாலும் சரி.

இப்படிக்கு,
ஹார்டுவேர் கடைக்காரர், தேவகோட்டை