ஆண்டறிக்கை: ஆற்றில் விட்ட துணிகள்

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் தாமிரபரணிக்காக மூன்று வேலைகளை ஏற்றுக்கொண்டோம். கரையில் மருதங்கன்று நடுவது, பள்ளிப் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போவது, பாபநாசத்தில் ஆற்றுக்குள் கிடக்கும் துணிகளை எடுப்பது.

கன்று நட்டது பாதி வீண். வேலி கட்டாமல் நட்டோம், ஆடுகள் மேய்ந்துவிட்டன. அவசரப்பட்டது நான்தான், பழியும் எனக்கே.

மலைப் பயணம் நன்றாக நடந்தது. வனத்துறை அனுமதியோடு, புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் காரையாறு வரை போனோம். 1962இல் வந்த முண்டந்துறை சரணாலயத்தையும் 1976இல் வந்த களக்காடு சரணாலயத்தையும் சேர்த்துத்தான் 1988இல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் அதுதான் முதல் புலிகள் காப்பகம். பிள்ளைகள் புலியைத் தேடினார்கள், கண்ணில் பட்டது குரங்குகள்தான். பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு அணை 156 அடி, இரண்டுக்கும் நடுவே மலைக்குள் சுரங்கம் உண்டு, ஒன்றின் நீர் மற்றொன்றுக்குப் போகும் என்று சொன்னேன். “அப்போ எதுக்கு ரெண்டு அணை?” என்று ஒரு சிறுமி கேட்டாள். இரண்டும் தனித்தனி ஆறு, தனித்தனிப் பள்ளத்தாக்கு என்று விளக்கினேன். அவளுக்கு முழுத் திருப்தி இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இந்த ஆறு ஏன் வற்றுவதில்லை என்பதை அவர்களுக்குப் புரியவைப்பது சுலபமாக இருந்தது. பொதிகை மலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. பெய்வதை மேலே உள்ள சோலைக்காடும் புல்வெளியும் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. நம் வயல்களில் காரும் பிசானமும் என்று இரண்டு போகம் வந்ததே அந்த இரண்டு மழையை நம்பித்தான். வீட்டில் தாத்தா இருக்கும் பிள்ளைகளுக்கு இது முன்பே தெரிந்திருந்தது.

இனி துணி விஷயம். இந்த வருடம் நம் உழைப்பில் பெரும்பகுதி இதற்கே போனது.

மலையைவிட்டு ஆறு இறங்கும் இடம் பாபநாசம். முழுக்குப் போட்டால் பாவம் போகும் என்று வருகிறவர்கள், உடுத்திய துணியையும் தண்ணீரோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் அது தண்ணீரோடு போவதில்லை. பத்தடி தள்ளிப் பாறை இடுக்கில் மாட்டி, மணல் ஏறி, அங்கேயே கிடக்கிறது. பருத்தி என்றால் என்றைக்காவது மக்கும். இன்றைக்குச் சேலை, சட்டை, பேன்ட் எல்லாவற்றிலும் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. நீர்நாய் மீன் தேடுகிற பொந்தையும் அடைக்கும், முங்கிக் குளிப்பவன் காலையும் சுற்றும். பிளாஸ்டிக் பாட்டிலாவது மிதந்து கண்ணுக்குத் தெரியும். என்னைக் கேட்டால் துணிதான் மோசம்.

கோடையில் தண்ணீர் குறைந்ததும் இறங்கினோம். கொக்கியால் இழுத்துப் பார்த்தோம், கிழிந்ததே தவிர வரவில்லை. கடைசியில் அரிவாளால் அறுத்து அறுத்துத்தான் எடுத்தோம். மணல் கோத்த ஒரு சேலையைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. எத்தனை மூட்டை என்று நோட்டில் குறித்துவந்தேன். நோட்டு ஆற்றில் விழுந்ததோடு கணக்கும் போயிற்று. எடுத்த துணியைக் கொண்டுபோக வண்டி அனுப்புவதாகச் சொன்ன அலுவலகம் அனுப்பவில்லை. மூட்டைகள் ஒரு வாரம் படித்துறை ஓரத்திலேயே நாறிக் கிடந்தன. திட்டு வாங்கியது நாம்.

துணி விடுபவர்களிடம் சண்டை போடவேண்டும் என்று சில இளைஞர்கள் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவின் காரியத்தின்போது, அதே படித்துறையில், கட்டியிருந்த வேட்டியை நானும் விட்டேன். அன்றைக்கு யாராவது வந்து சுற்றுச்சூழல் பேசியிருந்தால் கைகலப்பே ஆகியிருக்கும். அதனால் வேறு வழி பார்த்தோம். படியில் ஒரு தொட்டி வைத்து, “ஆற்றில் ஒருமுறை நனைத்துவிட்டு இதில் போட்டால் போதும்” என்று பக்குவமாகச் சொன்னோம். எல்லாரும் கேட்டார்கள் என்று சொல்லமாட்டேன். நம் ஆள் நின்ற நாட்களில் தொட்டி நிறைந்தது, நிற்காத நாட்களில் காலியாகக் கிடந்தது.

2023 டிசம்பர் வெள்ளம் துணியையெல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்குமே என்று ஓர் உறுப்பினர் எழுத்தில் கேட்டிருந்தார். அந்த மழையில் பெரும்பங்கு சமவெளியில் கொட்டியது, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். மலையிலிருந்து வந்த தண்ணீரும் குறைவில்லை, குறுக்குத்துறை முருகன் கோயிலே மூழ்கியது. ஆனாலும் நாம் அறுத்தெடுத்தவற்றில் நைந்து கறுத்த பழைய துணிகள் நிறையவே இருந்தன. வெள்ளம் மேலே கிடந்ததைத்தான் கொண்டுபோகிறது, இடுக்கில் மாட்டியது அசையவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையுறைச் செலவு அதிகம் என்று யாராவது எழுந்தால், ஒருநாள் தண்ணீரில் இறங்கிப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

அப்புறம், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டம் பாபநாசத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். அதற்கு முந்தைய நாளிலிருந்து மூன்று நாள், தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க இரண்டு இரண்டு பேராக ஆள் வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். முதல் நாள் காலை முறைக்கு என் பெயரை எழுதிவிட்டேன், கூட ஒருவர் வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்