மறுப்புப் படிவத்தில் கையொப்பம் மட்டும் போதாது

ஆம்புலன்ஸ் சேவைகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும் அவற்றின் மருத்துவப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நோயாளி மருத்துவமனைக்கு வர மறுக்கும்போது நாங்கள் நிரப்பும் படிவத்தைப் பற்றி எழுதுகிறேன். பல இடங்களில் அது அரைப் பக்கத்தைத் தாண்டுவதில்லை. விளைவுகளுக்குத் தானே பொறுப்பு என்று நோயாளி ஒப்புக்கொள்ளும் ஒரு வரி, அதன்கீழ் கையொப்பத்துக்கு ஒரு கோடு, சாட்சிக்கு இன்னொரு கோடு. அதை வாங்கிவிட்டால் வழக்குப் பயம் தீர்ந்தது என்ற நம்பிக்கை நம் துறையில் வேரூன்றியிருக்கிறது. அந்த நம்பிக்கை தவறானது. அதை நம்பித்தான் ஆபத்தான நிலையில் இருப்பவர்களை வீட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்புகிறோம்.

மறுக்கும் உரிமை எனக்கும் முக்கியம். வயது வந்த, தெளிந்த மனமுள்ள ஒவ்வொருவருக்கும் தன் உடலுக்கு என்ன செய்யப்பட வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை உண்டு என்று நியூயார்க் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ 1914இல் எழுதினார். அப்படிப்பட்ட ஒருவரை வலுக்கட்டாயமாக வண்டியில் ஏற்றுவது சட்டத்தின் பார்வையில் தாக்குதல். ஆனால் எதிரே இருப்பவருக்கு அந்தத் தெளிவு இருக்கிறதா என்று பார்ப்பது யார்? அந்த நேரத்தில் அங்கே நிற்கும் நாங்கள்தான். எதைக் கொண்டு அந்த முடிவுக்கு வந்தோம் என்று எழுத இன்றைய படிவத்தில் இடமே இல்லை.

எதைப் பார்க்க வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது: சொல்லப்படும் தகவலை ஒருவர் புரிந்துகொள்ள வேண்டும், மனத்தில் நிறுத்த வேண்டும், சீர்தூக்கிப் பார்க்க வேண்டும், தன் முடிவை ஏதாவது ஒரு வழியில் தெரிவிக்க வேண்டும். எடுக்கும் முடிவு நமக்கு அறிவற்றதாகத் தெரிகிறது என்பதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லக்கூடாது என்பதையும் அதே சட்டம் வலியுறுத்துகிறது. பெயர், இடம், தேதியைச் சரியாகச் சொல்பவருக்கும் தன் நெஞ்சுவலி மாரடைப்பாக இருக்கலாம் என்பது உறைக்காமல் போகலாம். சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் 15க்கு 15 வாங்குவது விழிப்பைக் காட்டும். முடிவெடுக்கும் திறனுக்கு அது சான்றாகாது.

இரத்தச் சர்க்கரை குறைந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். மூளைக்குக் குளுக்கோஸ் போதாமல் போனதும் பேச்சு குழறும், கோபம் வரும், “ஒன்றும் வேண்டாம், போங்கள்” என்பார். பார்ப்பவர்களுக்குக் குடிபோதை போலவே தெரியும். அந்த நிலையில் அவர் போடும் கையொப்பத்துக்கு மதிப்பே கிடையாது. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசுவார். இப்போது அவர் மறுத்தால் அது செல்லும். ஆனால் அவர் உட்கொள்வது கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற நீரிழிவு மாத்திரை என்றால், அது பல மணி நேரம் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். நாங்கள் போன பிறகு, தூக்கத்திலேயே சர்க்கரை மீண்டும் சரியலாம். இதை அவரிடம் சொன்னோமா? அவர் அதைத் தம் சொற்களில் திருப்பிச் சொன்னாரா? இரவில் உடன் யார் இருப்பார்கள்? மறுப்பின் சாரமே இந்த மூன்று கேள்விகளில்தான் இருக்கிறது. தலையில் அடிபட்டவர் விஷயமும் இப்படித்தான். மண்டையோட்டுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போதே சிலர் சில மணி நேரம் இயல்பாகப் பேசிவிட்டுப் பிறகு சரிந்து விழுவார்கள்.

பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் நாம் கறாராக இருக்க வேண்டும். “நோயாளி குடித்திருந்தார், வர மறுத்தார்” என்று எழுதுவது தீர்ப்பு. “மூச்சில் மது வாடை, நடை தள்ளாடுகிறது, கிழமையைத் தவறாகச் சொன்னார், சர்க்கரை 48” என்று எழுதுவது கவனிப்பு. இரண்டாவதைப் படிக்கும் எவரும், அந்த மனிதரை அப்படியே விட்டுவந்திருக்கக் கூடாது என்று உடனே சொல்வார்கள். எழுதும்போது எங்களுக்கே அது உறைக்கும் என்பதால்தான் இப்படி எழுத வேண்டும் என்கிறேன். நோயாளி மறுத்ததற்குச் சொன்ன காரணத்தை மேற்கோள் குறிக்குள் அவர் சொன்னபடியே எழுத வேண்டும். அவர் கையொப்பமிடவும் மறுத்தால் அதையும் எழுதிச் சாட்சி வாங்க வேண்டும். வயது வந்த, திறனுள்ள ஒருவருக்குப் பதிலாக மனைவியோ மகனோ போடும் கையொப்பத்தை அவருடைய மறுப்பாகக் கொள்ள முடியாது.

சட்டப்படி பார்த்தாலும் அச்சடித்த அந்த ஒரு வரி எங்களைக் காக்காது. நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கத் தொடங்கியதுமே எங்கள் கடமை தொடங்கிவிடுகிறது. திறனற்ற ஒருவரின் ‘வேண்டாம்’ என்ற சொல்லை ஏற்று நடுவில் விட்டுச் செல்வதைக் கைவிடல் என்பார்கள். கடமை இருந்ததா, அதில் தவறினார்களா, தீங்கு நேர்ந்ததா, அந்தத் தவறுதான் தீங்குக்குக் காரணமா என்றுதான் கவனக்குறைவு வழக்கில் கேட்பார்கள். அதற்கு விடை தேடும்போது கையொப்பத்தைவிட, அதற்கு முன் நடந்த உரையாடலின் பதிவுதான் உதவும்.

அந்த உரையாடலுக்கு நேரம் வேண்டும். இங்கேதான் உங்கள் மேல் எனக்கு வருத்தம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து “எப்போது காலியாவீர்கள்?” என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. அதைக் காதில் வாங்கிக்கொண்டே “வருகிறீர்களா, இல்லையா?” என்று கேட்டால் யாராக இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். செலவுக்குப் பயந்து மறுக்கிறாரா, வீட்டில் தனியாக இருக்கும் குழந்தையை எண்ணி மறுக்கிறாரா, பக்கத்தில் நிற்கும் உறவினருக்கு அஞ்சி மறுக்கிறாரா என்பது உட்கார்ந்து பேசினால்தான் தெரியும். மொழி தெரியாத இடத்தில் அந்த வீட்டுச் சிறுவனை மொழிபெயர்க்க வைக்கிறோம். தந்தைக்கு மரண ஆபத்து இருக்கிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது கொடுமை. தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு.

மறுப்பு அழைப்புகளில் செலவாகும் நேரத்தைக் குழுவின் தாமதக் கணக்கில் சேர்ப்பதை நிறுத்துங்கள். ஆபத்து அதிகமென்று நாங்கள் கருதும் நோயாளியிடம், பதிவாகும் தொலைபேசி இணைப்பில் பணி மருத்துவர் நேரடியாகப் பேசட்டும்; எங்கள் வார்த்தைக்கு மசியாத சிலர் மருத்துவரின் குரலுக்கு இணங்குவார்கள். எந்த அறிகுறி வந்தால் திரும்ப அழைக்க வேண்டும், அழைத்தால் யாரும் கோபிக்க மாட்டோம் என்பதை எளிய மொழியில் எழுதிய ஒரு தாளை வீட்டில் விட்டுவர எங்களுக்குக் கொடுங்கள். புதிய படிவத்தின் வரைவைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பும் முன், இரவுப் பணியில் இருக்கும் குழுக்களிடம் கொடுத்து ஒரு மாதம் பயன்படுத்திப் பாருங்கள். எந்தக் கட்டம் காலியாகவே திரும்பி வருகிறது என்று பார்த்து, அதற்கான காரணத்தை எங்களிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆம்புலன்ஸ் அவசர சிகிச்சைப் பணியாளர்