பவாரோ கடற்கரைப் பயணம்: கடற்பாசி ஒதுங்குவதைச் சொல்லாமல் விட்டது தொடர்பான முறைப்பாடு

2025 யூலை 7

முகாமையாளர் அவர்கட்கு,
பயண முகவர் நிலையம், ஸ்காபரோ.

மதிப்புக்குரிய ஐயா,

கடந்த யூன் 14 முதல் 19 வரை ஐந்து இரவுகள் டொமினிக்கன் குடியரசின் புன்டா கானாவில் தங்க உங்களிடம் 'ஓல் இன்குளூசிவ்' பக்கேஜ் எடுத்தோம். அப்பா, அம்மா, கணவர், எட்டு வயது மகள், நான் என்று ஐந்து பேர். கட்டியது 7,840 கனேடிய டொலர். அதில் 600 டொலர் கடலைப் பார்த்த இரண்டு அறைகளுக்கென்று மேலதிகமாகக் கொடுத்தது.

அம்மாவுக்கு 70 வயது நிறைந்ததற்காகத்தான் இந்தப் பயணம். அவர் பருத்தித்துறையில் அலைச் சத்தம் கேட்டு வளர்ந்தவர். ரொறன்ரோவுக்கு வந்து முப்பது வருடமாக ஏரிக்கரையில்தான் நடக்கிறார். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, "உப்புத் தண்ணியில ஒருக்கா கால் நனைக்க வேணும்" என்றார். ஏப்ரலில் உங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது முதலில் சொன்னதே இதைத்தான். யூன் மாதத்தில் கடல் எப்படி இருக்கும் என்றும் கேட்டேன். புயல் காலம் யூன் 1இல் தொடங்கினாலும் பயப்படத் தேவையில்லை, கடல் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று உங்கள் பணியாளர் சொன்னார். அன்றே வட்ஸ்அப்பில் நீலக் கடற்கரைப் படம் ஒன்றும் அனுப்பினார். அந்தப் படம் இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது.

புன்டா கானாவின் பவாரோ கடற்கரையில் ஹோட்டல் வாசலில் இறங்கியதுமே அழுகிய முட்டை நாற்றம் வந்தது. அறைக்குப் போய்ப் பல்கனிக் கதவைத் திறந்தோம். கரை நெடுக மண்ணிறத்தில் முழங்கால் உயரத்துக்குக் குவியல், தண்ணீரும் தேயிலைச் சாயம் போல. அம்மா ஒரு பார்வையிலேயே, "இது சாதாளை பிள்ளை, ஆனா இவ்வளவு ஒதுங்கி நான் கண்டதில்லை" என்றார். சாதாளை என்றால் கடற்பாசி. அங்குள்ளவர்கள் அதைச் சர்காசோ என்கிறார்கள். கரையில் கிடந்து அழுகும்போது ஐதரசன் சல்பைட் வாயு வரும். அந்த நாற்றம் அதனுடையது. அம்மாவுக்குத் தொய்வு (ஆஸ்துமா) வருத்தம் இருக்கிறது. முதல் இரவே மூன்று தரம் பம்ப் அடித்தார். பிறகு பல்கனிக் கதவைப் பூட்டி, கீழ் இடுக்கில் ஈரத் துவாயைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் படுத்தோம். 600 டொலர் கொடுத்து வாங்கிய கடலை ஐந்து நாளும் பூட்டிய கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தோம். மகளின் வெள்ளிக் கொலுசு மூன்றாம் நாள் கறுத்துப்போனது. அது அம்மா அவளுக்குப் போட்டது. படம் இணைத்திருக்கிறேன்.

ஹோட்டல் ஊழியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கே உழவு இயந்திரமும் தள்ளுவண்டிகளுமாக வந்து அள்ளினார்கள். மத்தியானத்துக்குள் கடல் அதே அளவைத் திரும்பக் கொண்டுவந்து போட்டது. அந்த வெயிலில், அந்த நாற்றத்துக்குள் நின்று அள்ளிய மனிதர்களைப் பார்க்கவே மனம் கஷ்டப்பட்டது. சாப்பாடும் குறை சொல்லும்படி இல்லை.

இரண்டாம் நாள் உங்கள் அலுவலகத்துக்கு நான்கு தரம் அழைத்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. இரவு வந்த பதில் ஒரே வரி: "இது இயற்கை, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது." ஐயா, சாதாளை ஒதுங்கியதற்கு நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அது ஒதுங்கும் என்று தெரிந்திருக்க வேண்டிய நீங்கள், கேட்ட பிறகும் சொல்லாமல் விட்டதற்குத்தான் இந்தக் கடிதம். 2011இல் இருந்தே கரீபியன் தீவுகளில் இது பெருமளவில் ஒதுங்குகிறது. தென் புளோரிடா பல்கலைக்கழகம் செய்மதிப் படங்களை வைத்து மாதாமாதம் அறிக்கை வெளியிடுகிறது. இந்த வருடம் மே மாதம் அத்திலாந்திக்கில் மிதந்தது ஏறக்குறைய 3.75 கோடி தொன். அதுவரை பதிவான அளவுகளில் அதுதான் மிகப் பெரியது. பவாரோ கிழக்குக் கரை, அத்திலாந்திக்கைப் பார்த்தது. கோடையில் அங்கே இது வருவது அந்தத் தொழில் செய்கிறவர்களுக்குப் புதினம் அல்ல.

சொல்லியிருந்தால் எங்களுக்கு வேறு வழி இருந்தது என்பது நான்காம் நாள் தெரிந்தது. ஹோட்டலில் வேலை செய்யும் ஒரு பெண், தெற்குக் கரையில் பயாயிபே என்ற ஊருக்குப் போகச் சொன்னார். எங்கள் செலவில் வாடகைக் கார் பிடித்தோம், போய்வர 220 கனேடிய டொலர். ஒரு மணி நேர ஓட்டம். அங்கே கரையில் ஒரு கைப்பிடி சாதாளைகூட இல்லை. தண்ணீருக்குள் நின்ற அம்மாவின் கால் விரல்கள் மேலிருந்து தெரிந்தன. சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றார். வெயில் ஏறுகிறது வாங்கோ என்று அப்பா கூப்பிட்டும் வரவில்லை. ஐந்து நாளில் அவருக்குக் கடல் கிடைத்தது அந்த இரண்டு மணி நேரந்தான். அதே தீவில், அதே கிழமையில் பயாயிபேயில் எங்களுக்கு அறை எடுத்துத் தந்திருக்கலாம். விலை சற்றுக் கூடியிருந்தாலும் யோசிக்காமல் கட்டியிருப்போம்.

ஆகவே நான் கேட்பவை: கடலைப் பார்த்த அறைக்கான 600 டொலர், வாடகைக் கார் 220 டொலர், இவற்றுடன் மீதிப் பக்கேஜ் தொகையில் காற்பங்கான 1,810 டொலர். மொத்தம் 2,630 டொலர். அடுத்த பயணத்தில் கழித்துத் தருவதாகத் தொலைபேசியில் சொன்னீர்கள். அது எனக்கு வேண்டாம். உங்கள் பணியாளர் ஏப்ரலில் என்ன தெரிந்துகொண்டு அப்படிச் சொன்னார் என்பதற்கு எழுத்தில் விளக்கமும் வேண்டும். யூலை, ஓகஸ்டில் புன்டா கானாவுக்குப் பதிவு செய்திருக்கும் மற்றக் குடும்பங்களுக்கு இன்றே தொலைபேசி எடுத்துச் சொல்லுங்கள். அவர்களிலும் தொய்வுக்காரர் இருப்பார்கள்.

முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால், ஒன்ராறியோவில் பயண முகவர்களைக் கண்காணிக்கும் ரைகோ அமைப்பிடம் முறைப்பாடு செய்வேன். முதலில் முகவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது அவர்களின் நடைமுறை. இந்தக் கடிதத்தை அந்த அறிவிப்பாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பற்றுச்சீட்டுகள், வட்ஸ்அப் செய்திகள், திகதியுடன் பதினொரு படங்கள் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
யூன் 14 பயணத்தைப் பதிவு செய்த வாடிக்கையாளர்