கிணற்று நீரில் சயனைடு: சோதனை அறிக்கை முழுமையாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை ஒன்றை ஒட்டிக் கிணறு வைத்திருக்கும் உழவர் ஒருவர் அண்மையில் என்னிடம் காட்டிய நீர்ச் சோதனை அறிக்கையில், ‘சயனைடு: கண்டறியப்படவில்லை’ என்ற ஒரு வரி மட்டுமே இருந்தது. அந்த வரியை நம்பி அவர் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டலாமா என்று கேட்டார். வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற என்னால் ‘ஆம்’ என்று சொல்ல இயலவில்லை.

நாங்கள் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளியை ஜவ்வரிசிக்காக அரைக்கும்போது, அதில் இயற்கையாகவே உள்ள லினமாரின் என்ற சேர்மம் சிதைந்து ஹைட்ரஜன் சயனைடு உண்டாகி, அதில் ஒரு பகுதி கழிவுநீரில் கலக்கிறது. ஆய்வகத்தில் மாதிரி நீரை அமிலம் சேர்த்து வடித்து, வெளிவரும் சயனைடைக் காரக் கரைசலில் பிடித்து, குளோரமின்-டி சேர்த்துச் சயனோஜன் குளோரைடாக மாற்றி, பிறகு பிரிடினும் பார்பிட்டூரிக் அமிலமும் கலந்தால் செந்நீல நிறம் தோன்றும். அந்த நிறத்தின் அடர்த்தியை 578 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளந்தே சயனைடின் அளவைக் கணக்கிடுகிறார்கள். முறை நம்பத்தக்கதுதான், சிக்கல் ஆய்வகத்துக்கு வருமுன்பே நேர்ந்துவிடுகிறது. ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கும் பொருள். எனவே அது ஆவியாகிப் போகாமலிருக்க, நீரை எடுத்த இடத்திலேயே காஸ்டிக் சோடா சேர்த்து, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பை 12-க்குமேல் உயர்த்தி, குளிர்வாக வைத்து அனுப்ப வேண்டும். அந்த உழவரோ பழைய குளிர்பானப் புட்டியில் நீரை நிரப்பி, வெயிலில் பேருந்தில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். கொடுத்த இடத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். நிறம் தோன்றாததற்குக் கிணற்றில் சயனைடு இல்லாதது காரணமா, வழியிலேயே ஆவியாகிப் போனது காரணமா என்பதை அந்த அறிக்கையைக் கொண்டு எவராலும் சொல்ல முடியாது.

குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், ஆறு, ஏரிகளில் விடும் கழிவுநீருக்கோ 0.2 மில்லிகிராம். கழிவுநீருக்கென அமைத்த சோதனையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தாலும், அந்த நீர் குடிக்கத் தகுந்தது என்று பொருளாகாது. ஆகவே மாதிரி எடுத்த நேரம், காஸ்டிக் சோடா சேர்க்கப்பட்டதா என்பது, அந்தச் சோதனையால் காணக்கூடிய மிகக் குறைந்த அளவு ஆகியவற்றை ஒவ்வோர் அறிக்கையிலும் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்குமாறும், சோடா இட்ட குப்பிகளை எச்சரிக்கைச் சீட்டுடன் ஆய்வகங்களே வழங்கச் செய்யுமாறும் உரிய துறையினரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
சேலம் மாவட்டம்.