பிக்கப் வண்டிக்குப் பலகை போட்ட கதை

கொலம்பஸ், ஒஹாயோ

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? ஸ்ரீராமபுரத்தில் மழை பிடித்துக்கொண்டது என்று தம்பி சொன்னான். மொட்டைமாடிக் குழாயில் இலை அடைத்திருக்கும். ஆளை விட்டு எடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் ஏற வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வண்டிப் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த ஓட்டை வண்டியை எதுக்கும்மா வாங்கினார் மாப்பிள்ளை?" என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே அம்மா போனை வாங்கிக்கொள்கிறாள். மைசூர் ரோடு பட்டறையில் லாரி பாடி கட்டியே எங்களைப் படிக்கவைத்தவருக்கு இரண்டு வரியில் பதில் எழுதினால் திருப்தியும் வராது. அதனால் இந்தக் கடிதம்.

அது 1951 மாடல் ஷெவ்ரலே 3100. ஆறு சிலிண்டர் இன்ஜின், இன்னமும் ஓடுகிறது. நம் ஊர் லாரி மாதிரி பாடியை வெளியே கட்டுவதில்லை, கம்பெனியிலேயே கட்டித்தான் விற்றிருக்கிறார்கள். பக்கத் தகடு, முன் தகடு, பின் கதவு எல்லாம் இரும்பு. ஆறரை அடி நீளத் தளம் மட்டும் மரப்பலகை. மரமென்றால் சாமான் அவ்வளவாக வழுக்காது, ஒரு பலகை போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஷெவ்ரலேயில் சில மாடல்களுக்கு 1980கள் வரைக்கும் மரத்தளம் வந்ததாம்.

எங்கள் வண்டியில் பலகை என்று பெயருக்குத்தான் இருந்தது. விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. இங்கே கூலி கொடுத்துச் செய்வதென்றால் மணிக்கணக்கில் டாலர் போகும். அதனால் டாக்டர் முதல் வாத்தியார் வரை அவரவர் வீட்டு வேலையை அவரவரே செய்துகொள்கிறார்கள், அதில் ஒரு பெருமையும் உண்டு. இவருக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவர், ஆனால் வீடியோ பார்த்தே பாதி மெக்கானிக் ஆகிவிட்டார்.

பலகையைக் கழற்றியதைவிட போல்ட்டைக் கழற்றியதுதான் பெரும்பாடு. பனிக்காலத்தில் ஐஸ் உருகுவதற்காக ரோடெல்லாம் உப்பைக் கொட்டுகிறார்கள். அது தெறித்துத் தெறித்து அடியில் இருக்கும் இரும்பையெல்லாம் தின்றுவிடுகிறது. இந்த போல்ட்டுக்குத் தலை உருண்டை, கழுத்து சதுரம். பலகைகளை அழுத்திப் பிடிக்கும் இரும்புப் பட்டையிலுள்ள சதுர ஓட்டையில் கழுத்து உட்கார்ந்துகொள்வதால், நட்டைத் திருகும்போது போல்ட் சுற்றாது. துரு அந்தச் சதுரத்தை அரித்துவிட்டால் நட்டோடு சேர்ந்து போல்ட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். எண்ணெய் விட்டு ஊறவைத்தும் அசையாத தலைகளை கிரைண்டர் வைத்து அறுத்தோம். அறுக்கும்போது தீப்பொறி பறக்கும். பெட்ரோல் டேங்க் எங்கே தெரியுமா? கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால்! ஓட்டுபவரின் முதுகோடு ஒட்டி. அதைக் கழற்றி வெளியே வைத்த பிறகுதான் கிரைண்டரைத் தொடவே விட்டேன்.

அப்புறம் மரக்கடை. நீங்கள் பார்த்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பீர்கள். ஒன்றுக்கு ஆறு அங்குலம் என்று சீட்டு ஒட்டியிருக்கிறது, டேப் வைத்தால் கனம் ஆறு நூல்தான், அதாவது முக்கால் அங்குலம், அகலம் ஐந்தரை அங்குலம்தான். ஏமாற்று இல்லையாம், இழைத்துக் காய்ந்த பின் நிற்கும் அளவு எல்லாக் கடையிலும் இதுவேதானாம். நமக்கு வேண்டியதும் ஆறு நூல்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். ஓக் மாதிரி உறுதியான மரத்தைக் கன அடியில் விற்பதில்லை. ஓரடிச் சதுரத்தில் ஓரங்குல கனம் இருந்தால் அது ஒரு 'போர்டு ஃபுட்'. பன்னிரண்டு சேர்ந்தால் நம்முடைய ஒரு கன அடி. தேக்கும் இருந்தது. விலையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ஓக்கில் இரண்டு சாதி. சிவப்பு ஓக் துண்டின் ஒரு நுனியில் வாயை வைத்து ஊதினால் மறு நுனியில் காற்று வருகிறது, கடைக்காரர் ஊதியே காட்டினார். அத்தனை துளை இருந்தால் தண்ணீர் ஏறாமல் என்ன செய்யும்? வெள்ளை ஓக்கில் துளைகள் தானாகவே அடைபட்டிருப்பதால் ஈரம் அவ்வளவு ஏறாது. மருந்தேற்றிய பலகையைப் போடு, உளுக்காது என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்த மருந்தில் உள்ள செம்பு இரும்பைத் தின்னும், பலகையும் ஈரமாகவே வந்து பிறகு சுருங்கும். வேண்டாம் என்று விட்டோம்.

சண்டை வந்தது இங்கேதான். இவருக்கு வெள்ளை ஓக் போட்டு, வார்னிஷ் அடித்து, நடுவே எவர்சில்வர் பட்டை பளபளக்க வேண்டும். கண்காட்சிக்கு வரும் பழைய வண்டிகளெல்லாம் அப்படித்தான். தளத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார்கள், ஒரு செங்கல் வைக்க விடமாட்டார்கள். வெயில் பட்டால் வார்னிஷ் உரியும், திரும்பத் தேய்த்து அடிக்க வேண்டும். சுமை ஏற்றாத வண்டிக்குத் தளம் எதற்கு என்று கேட்டேன். அந்தக் காலத்தில் கம்பெனியே பைன் பலகை போட்டு, கறுப்பு பெயின்ட் அடித்துத்தான் அனுப்பியது என்று இந்த வண்டி வைத்திருக்கும் பெரியவர்களும் சொன்னார்கள். கடைசியில் மஞ்சள் பைன், கறுப்பு பெயின்ட். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், அப்புறம் சரியாகிவிட்டது.

பொருத்தும் விதம் உங்களுக்குப் பிடிக்கும். பலகையில் ஆணியே கிடையாது. ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் மேலே நீளப் பள்ளமாகக் காடி எடுத்திருக்கும். இரண்டு பலகைக்கு நடுவே கொஞ்சம் இடம் விட்டு, அதன்மேல் நீள இரும்புப் பட்டையைக் காடியில் பதித்து, அந்த இடைவெளி வழியாக போல்ட்டை இறக்கி அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தோடு முறுக்க வேண்டும். மரம் உப்பினாலும் சுருங்கினாலும் பட்டைக்கு அடியிலேயே நகர்ந்துகொள்ளும். வண்டியின் அடிச்சட்டமான சேசியோடு பிடிக்கும் சில போல்ட்டுகள் மட்டும்தான் பலகையைத் துளைத்துப் போகின்றன. காடி எடுக்கும் ரம்பத்தைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் தந்தார். எழுபது வயசு தாண்டியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடு என்கிறார், எனக்கு வாய் வரவில்லை. 'சார்' என்றுதான் கூப்பிடுகிறேன், அவருக்குச் சிரிப்பு.

பூட்டுவதற்கு முன்பே பலகையின் எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்தோம். நுனி இரண்டிலும் இன்னும் இரண்டு கை கூடுதலாக. தண்ணீர் அந்த வழியாகத்தானே ஏறும்? எல்லா போல்ட்டையும் முதலில் கையாலேயே மாட்டி, மூலைக்கு மூலை அளந்து, கோணல் இல்லை என்று பார்த்த பிறகே முறுக்கினோம். போல்ட் பொறுக்கித் தந்தது உங்கள் பேரன். "தாத்தா லாரியிலும் இப்படித்தானா?" என்றான். தாத்தா கட்டியதில் பத்து டன் ஏறும்டா என்றேன்.

போன சனிக்கிழமை பெரியவர் வீட்டுக்கு அடுப்பு விறகு ஏற்றி வந்தோம். பெயின்டில் கீறல் விழுந்ததும் இவர் முகம் சுருங்கியது.

ஒரு உதவி வேண்டும். பக்கப் பலகையும் போடலாம் என்றிருக்கிறோம். டிசம்பரில் தம்பி வரும்போது உங்களுடைய சின்ன இழைப்புளியைக் கொடுத்தனுப்புங்கள். கையில் எடுத்து வரும் பையில் வைத்தால் ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள், பெரிய பெட்டிக்குள் துணி சுற்றி வைக்கச் சொல்லுங்கள். அலகைத் தீட்டி அனுப்புங்கள், இங்கே எனக்குச் சாணைக்கல் சரியாக அமையவில்லை.

அம்மாவிடம் ஊறுகாய் மட்டும் போதும் என்று சொல்லுங்கள், பெட்டியில் இடம் இருக்காது.

உங்கள் அன்பு மகள்,
செல்வி