மர்ம நாவல் வாசகர் வட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், இந்த மழையிலும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பதினொரு கூட்டங்கள் நடந்தன. மார்ச்சில் பிள்ளைகளின் பரீட்சை, அதனால் கூடவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

நம் பக்கத்து எழுத்தாளர்களை மட்டும் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். வருஷம் முழுக்க ஓட்ட ஆள் தேறுமா என்று சிலர் தயங்கினார்கள். கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறினால் போதும் என்று பிறகுதான் தெரிந்தது. விகடனில் துப்பறியும் சாம்புவை உலவவிட்ட தேவன், இதோ பக்கத்தில் திருவிடைமருதூர்க்காரர். துப்பறியும் ஜோடி பரத்–சுசீலாவைத் தந்த பிரபாகரின் பெயரிலேயே பட்டுக்கோட்டை இருக்கிறது. வடுவூர் என்றால் இன்று ஏரியும் பறவைகளும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த ஊர் நாவலாசிரியர் துரைசாமி ஐயங்காரும் நினைவுக்கு வர வேண்டும்.

அவருடைய ‘கும்பகோணம் வக்கீல்’ மூன்று கூட்டங்களை எடுத்துக்கொண்டது. வாக்கியங்கள் நீளம், கிளைக்கதைகள் ஏராளம். ஆனாலும் துப்பறிபவரான திகம்பர சாமியார் வந்துவிட்டால் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் இதைப் படமாக்கியபோது சாமியாராக நடித்தவர் எம்.என். நம்பியார். அவர் போட்ட வேஷங்களை நம் மூத்த உறுப்பினர் ஒருவர் ஒவ்வொன்றாகச் சொல்லக் கேட்டோம். அந்தக் காலத்துத் துப்பறியும் நாவல்களைத் ‘தழுவல்’ என்ற ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. என் பாட்டி எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியது வடுவூராரை வைத்துத்தான்.

2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனுக்கு அந்த மாதமே அஞ்சலி செலுத்தினோம். அவர் எழுதிய ‘மர்ம தேசம்’ தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பான இரவுகளைப் பற்றி எல்லோருக்கும் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது.

அப்புறம், நம் புத்தகப் பெட்டி. நன்கொடையாக வந்த மாத நாவல்களில் ஒரு கட்டைக் கரையான் அரித்துவிட்டது. சுவரை ஒட்டிப் பெட்டியை வைத்தது என் தவறு, வருந்துகிறேன். மீதியைக் காப்பாற்ற இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். துருப்பிடித்த பின்களை நகத்தால் நிமிர்த்தி எடுத்து, மைதாப் பசையில் பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலந்து, காடாத் துணி ஒட்டி, ஐந்தைந்தாகத் தைத்தோம். சாணித்தாள் என்பதால் மடித்த இடத்திலேயே ஒடிகிறது. ஒரு நாவலில் கடைசி எட்டுப் பக்கம் இல்லை. கொலையாளி யாரென்று தெரியாமலே நான்கு மாதம் இருந்தோம். பழைய பேப்பர் கடையில் இன்னொரு பிரதியைக் கண்டெடுத்த நம் இளம் உறுப்பினர், அந்த எட்டுப் பக்கத்தையும் ஆகஸ்ட் கூட்டத்தில் நின்றபடி வாசித்தார். முடிக்கும்வரை ஒருவரும் டீயைத் தொடவில்லை.

தேவன் 1957-லும் துரைசாமி ஐயங்கார் 1942-லும் காலமானார்கள். இறப்புக்குப் பிந்தைய அறுபது ஆண்டு பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இவர்களை யாரும் பதிப்பிக்கலாம். மாத நாவல்களுக்கு அந்த வழி இப்போதைக்கு இல்லை, இருக்கும் பிரதிகளைத்தான் காக்க வேண்டும். எனவே இரும்பு பீரோ ஒன்று வாங்க அனுமதி கோருகிறேன். வீட்டுப் பரணில் மாத நாவல் இருந்தால், அட்டை கிழிந்திருந்தாலும் சரி, எடைக்குப் போடாமல் கொண்டுவாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’. இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்