34 மட்டும் போதாது மாப்ள

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. பதில் போடாதது தப்புதான். அக்காவுக்கு முட்டிவலி தேவலையா? கண்ணாடிக்காரரோடு சமாதானம் ஆனாயா, இல்லை இன்னும் அந்தச் சுண்டல் பஞ்சாயத்துதானா?

வாசகர் வட்டத்தில் நீ பேசப்போவதாகத் தெரிந்ததும் பதறிப்போய் எழுதுகிறேன். "அமெரிக்காவில் 34 மாநிலங்கள் சேர்ந்தால் அரசியலமைப்பைத் திருத்திவிடலாம்" என்று எழுதியிருந்தாயே, அதை அப்படியே மேடையில் சொல்லிவிடாதே. 34 மாநிலச் சட்டமன்றங்கள் விண்ணப்பித்தால் காங்கிரஸ், அதாவது அவர்களுடைய நாடாளுமன்றம், ஒரு மாநாட்டைக் கூட்டியாக வேண்டும், அவ்வளவுதான். மாநாடு திருத்தத்தை முன்மொழிய மட்டுமே முடியும். அது செல்லுபடியாக, 50-இல் 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டும். நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலத்துக்கும் இரண்டு அவைகள். 13 மாநிலங்களில் ஆளுக்கு ஓர் அவை மறுத்தாலே கதை முடிந்தது. இதுவரை வந்த 27 திருத்தங்களில் ஒன்றுகூட இப்படி மாநாடு முன்மொழிந்து வந்ததில்லை.

நம் அரசியலமைப்பின் 368-வது பிரிவில் இப்படி ஒரு வழியே கிடையாது. மசோதா நாடாளுமன்றத்தில்தான் பிறக்க வேண்டும். அங்கே 1787 செப்டம்பரில், சாசனம் எழுதிய பிலடெல்பியா மாநாட்டில், வர்ஜீனியா பிரதிநிதி ஜார்ஜ் மேசன் இந்த வழி வேண்டுமென்று விடாப்பிடியாக நின்றார். மத்திய அரசே அத்துமீறினால், அதைத் திருத்த அதே காங்கிரஸிடமா போய் நிற்பது என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது.

எனக்குக் கவலையெல்லாம் எண்ணிக்கையில்தான். மத்திய அரசின் வரவு செலவைச் சமன்படுத்தும் திருத்தம் கேட்டு 1983-க்குள் 32 மாநிலங்கள் விண்ணப்பித்துவிட்டன. இன்னும் இரண்டே இரண்டு! அப்புறம் சில மாநிலங்கள் வாபஸ் வாங்கின. வாபஸ் செல்லுமா? ஒரு மாநிலம் பட்ஜெட்டுக்கு மட்டும் கேட்கிறது, இன்னொன்று பதவிக்கால வரம்பையும் சேர்த்துக் கேட்கிறது. இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டலாமா? நாற்பது வருஷத்துக்கு முந்தைய விண்ணப்பத்துக்கு உயிர் உண்டா? சாசனத்தில் இதற்கெல்லாம் ஒரு வரி கிடையாது, உச்ச நீதிமன்றமும் தீர்த்துவைக்கவில்லை. இந்தச் சிக்கல் வேண்டாமென்றுதான் இப்போதைய 'கன்வென்ஷன் ஆஃப் ஸ்டேட்ஸ்' (மாநிலங்களின் மாநாடு) இயக்கத்தார் எல்லா மாநிலத்திலும் ஒரே வாசகத்தை நிறைவேற்றச் சொல்கிறார்கள். 2014-இல் ஜார்ஜியாவில் தொடங்கி, 2022-இல் தென் கரோலினாவோடு 19 மாநிலங்கள் ஆயிற்று. ஆளுநர் கையெழுத்து இதற்குத் தேவையில்லை.

மாநாட்டு மண்டபத்துக்குள் போனால் இன்னும் மோசம். மாநிலத்துக்கு ஒரு வாக்கா, மக்கள்தொகைப்படியா? ஒரு வாக்கு என்றால், ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்கும் நாலு கோடியை நெருங்கும் கலிபோர்னியாவும் சமம். ஆள் குறைந்த 26 மாநிலங்கள் கைகோத்தால், நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாதவர்களின் பெரும்பான்மை! 1787-இல் பிலடெல்பியாவுக்குப் போனவர்களும் அன்றைய 13 மாநிலங்களை இணைத்திருந்த பழைய ஒப்பந்தத்தைத் திருத்தத்தான் போனார்கள். புதுச் சாசனத்தோடு வெளியே வந்தார்கள். 13 மாநிலமும் ஒப்ப வேண்டும் என்ற விதியை 9 போதும் என்று மாற்றியும் விட்டார்கள். அதனால் மாநாடு எல்லை மீறிவிடுமோ என்று பயப்படுகிறவர்களை நான் கேலி செய்யமாட்டேன்.

அதற்காக வீண் வழி என்றும் சொல்லிவிடாதே. செனட்டர்களை (காங்கிரஸின் மேலவை உறுப்பினர்களை) மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்று விண்ணப்பங்கள் குவிந்தபோது, மாநாடு வந்துவிடுமோ என்ற நெருக்கடியும் சேர்ந்துதான் 1912-இல் காங்கிரஸைத் தானே திருத்தத்தை முன்மொழிய வைத்தது.

ஒன்றை மறக்காமல் குறித்துக்கொள். ஒப்புதலைச் சட்டமன்றங்கள் தருவதா, மாநிலந்தோறும் தனி மாநாடு கூட்டித் தருவதா என்பதைக் காங்கிரஸ்தான் முடிவு செய்யும். 1933-இல் மதுவிலக்கை நீக்கியது இரண்டாவது முறையில். கண்ணாடிக்காரர் அங்கேதான் மடக்குவார்.

பேச்சின் நகலை முன்கூட்டியே அனுப்பு. 38-ஐ முதல் பக்கத்திலேயே எழுது.

உன்
பக்கத்து பெஞ்சு